இடையில் வந்து செல்லும் பொருள்கள்

நுழையும்முன்

அறிவியல் பாடங்களை ஆங்கிலத்தில் கற்கும் உங்களுக்கு, அதே அறிவியலைத் தமிழில் படிப்பது புதிய பட்டறிவாக இருக்கலாம். சில சொற்கள் முதலில் தடுக்கும். தடுத்தால் கவலற்க, இறுதியில் பொருள் தரப்பட்டுள்ளது.

புதிதாக வாங்கிய நீல ஜீன்ஸை முதன்முறை துவைக்கும் நாளில் வாளித் தண்ணீரைக் கவனித்திருக்கிறீர்களா? தண்ணீர் நீலமாகிவிடும். உடன் ஊறிய வெள்ளைச் சட்டையும் அன்று தன் வெண்மையை இழக்கும். அதன்பொருட்டு வீட்டில் ஒரு சிறு வழக்கும் நடக்கும். தொம்மலூர் அடுக்ககங்களில் மட்டுமன்று, ஜீன்ஸ் நுழைந்த வீடுகளில் எல்லாம் நடப்பதுதான் இது. ஆனால் அந்த நீலச்சாயம் உண்மையில் தண்ணீரில் கரைவதே இல்லை. வாளியில் மிதப்பவை நூலின் மேற்பரப்பிலிருந்து உதிர்ந்த நுண்துகள்கள். அவ்வாறாயின், தண்ணீரில் கரையாத ஒரு சாயம் நூலுக்குள் எப்படிப் புகுந்தது?

இவ்வினாவுக்கு விடை தேடிச் சென்றால், சாயத்தைக் காட்டிலும் அதற்கு முன் தோன்றி மறையும் வேறு சில பொருள்களைப் பற்றியே மிகுதியாகப் பேச வேண்டியிருக்கும். அவற்றுக்கு இடைநிலைப்பொருள்கள் என்று பெயர். வேதியியல் வகுப்பில் ‘இண்டர்மீடியேட்’ என்று நீங்கள் கேட்டிருக்கும் சொல்லுக்கு உரிய தமிழ் இதுவே.

அவுரித் தொட்டியில்

நீலச்சாயம் தந்த செடிக்கு அவுரி என்று பெயர். நீலி என்றும் அதனை அழைப்பர். அகத்தி இலையைப் போன்ற, ஆனால் அதனினும் சிறிய இலைகளை உடையது. என் சொந்த ஊர் திண்டிவனத்துக்கு அருகில் உள்ளது. சிறுவயதில் எங்கள் பாட்டி அவுரி இலையை அரைத்துக் காய்ச்சிய எண்ணெயைத் தலையில் தேய்த்துவிடுவார். பச்சை இலைக்கும் இளஞ்சிவப்புப் பூவுக்கும் உரிய செடிக்கு ‘நீலி’ என்ற பெயர் எதனால் வந்தது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பின்னாளில் சாயத் தொட்டி ஒன்றை நேரில் கண்டபோதுதான் விடை கிடைத்தது.

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் இன்றும் சிலர் அவுரியிலிருந்து சாயம் எடுக்கின்றனர். மேலும் கீழுமாகத் தொட்டிகள் கட்டப்பட்டிருக்கும். அறுத்த செடிகளை மேல்தொட்டியில் அடுக்கி, மிதக்காதபடி பாரம் ஏற்றி, தண்ணீர் நிரப்பி, ஓரிரவு ஊறவிடுவர். இலையில் இண்டிக்கன் என்னும் நிறமற்ற பொருள் இருக்கிறது. ஊறும்போது இலையில் உள்ள நொதி அதனை இரண்டாக வெட்டுகிறது. ஒரு துண்டு சர்க்கரை; மற்றொரு துண்டு இண்டாக்சில். மறுநாள் காலையில் தொட்டி நீர் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். நீலத்தின் சாயலே அதில் இராது.

அந்நீரைக் கீழ்த்தொட்டிக்கு இறக்குவர். பின்னர் ஆட்கள் வரிசையாகத் தொட்டிக்குள் இறங்கிக் கால்களால் நீரை உதைத்தும் அடித்தும் கலக்குவர். ஓரிரு மணி நேரம் இடைவிடாமல் இது நடைபெறும். வேடிக்கை பார்ப்பவருக்கு விளையாட்டைப் போலத் தோன்றும். உள்ளே நிற்பவருக்கு அது கடும் உழைப்பு. இவ்வாறு கலக்குவதன் நோக்கம் நீருக்குள் காற்றைச் செலுத்துவதே ஆகும். காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டதும், இரண்டிரண்டு இண்டாக்சில் மூலக்கூறுகள் கைகோத்து ஓர் இண்டிகோ மூலக்கூறாகின்றன. நுரை நீலமாகும், பிறகு தொட்டி முழுவதும் நீலமாகும். இண்டிகோ நீரில் கரையாதாகையால் அடியில் வண்டலாகப் படியும். வண்டலைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, கட்டிகளாக அறுத்து நிழலில் உலர்த்துவர். உலர்ந்த கட்டியை நகத்தால் தேய்த்தால் செம்பைப் போன்ற மினுமினுப்புத் தெரியும்.

இங்கே தொடக்கப்பொருள் இண்டிக்கன், முடிபொருள் இண்டிகோ. இரண்டுக்கும் நடுவில் ஓரிரவு தோன்றி, மறுநாள் நண்பகலுக்குள் மறைந்த இண்டாக்சில்தான் இடைநிலைப்பொருள். அதனை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. அது இன்றி நீலமும் இல்லை.

சாயம் தோய்ப்பதிலும் இத்தகைய ஒரு நடுப்படி உண்டு. கரையாத கட்டியைக் கரைய வைத்தால்தானே துணியில் ஏற்ற முடியும்? நம் ஊர்ச் சாயக்காரர் தாழியில் நீலக்கட்டியின் தூளையும் சுண்ணாம்பையும் இட்டு, தகரை விதையை வேகவைத்து ஊற்றி, நொதிக்க விடுவர். தாழியில் பெருகும் பாக்டீரியாக்கள் இண்டிகோவைக் கரையும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. அவ்வடிவத்துக்கு வெள்ளை இண்டிகோ என்று பெயர். சுண்ணாம்புக் காரத்தில் அது மஞ்சட்பச்சையாகத் தெரியும். துணியைத் தோய்த்து வெளியே எடுத்தால் முதலில் அதுவும் மஞ்சட்பச்சையாகவே இருக்கும். காற்றுப் பட்டவுடன் கண்ணெதிரே நீலமாக மாறும். கரையும் வடிவில் நூலுக்குள் நுழைந்த பொருள், அங்கேயே கரையாத வடிவை அடைந்து சிக்கிக்கொள்கிறது. நாம் முதலில் கேட்ட வினாவுக்கு இதுவே விடை. இன்றைய ஜீன்ஸ் நூலையும் இதே முறையில்தான், ஆனால் வேறு வேதிப்பொருள்களைக் கொண்டு, பலமுறை தோய்த்து எடுக்கின்றனர். சாயம் நூலின் புறப்பகுதியிலேயே தங்கிவிடுகிறது. நடுப்பகுதி வெண்மையாகவே இருக்கிறது. ஜீன்ஸ் முழங்காலில் வெளுப்பதன் காரணமும் அதுவே.

இவ்வாறு தோய்த்த துணிகளுக்குக் கடல்கடந்த வணிகம் இருந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து நீலத்துணிகள் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை சென்றன.

கடலுக்கு அப்பால் ஓர் ஆலை

செடியில்லாமல் நீலத்தைச் செய்ய முடியுமா என்று செருமனி நாட்டு வேதியியலார் நெடுங்காலம் முயன்றனர். அடால்ஃப் வான் பேயர் 1880ஆம் ஆண்டு ஆய்வகத்தில் இண்டிகோவைச் செய்து காட்டினார். 1883இல் அதன் அமைப்பையும் கண்டறிந்தார். 1905ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. ஆயினும் அவர் கண்ட வழி ஆலைக்கு ஏற்றதாக இல்லை, செலவு மிகுதி. 1890இல் சூரிச் நகரில் கார்ல் ஹாய்மன் வேறொரு வழியைக் கண்டார். அவ்வழியைப் பின்பற்றி, செருமனியின் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரில் இருந்த பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1897ஆம் ஆண்டு செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

அந்த ஆலை எங்கிருந்து தொடங்கியது தெரியுமா? பெட்டியில் துணிகளுக்கு நடுவே நாம் போடும் பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலீனிலிருந்து! நிலக்கரித் தாரிலிருந்து நாப்தலீன் மலிவாகக் கிடைத்தது. அதனைத் தாலிக் அன்ஹைட்ரைடு என்னும் பொருளாக மாற்ற வேண்டும். அந்த முதற்படிதான் நெடுநாள் தடையாக இருந்தது. ஒருநாள் சோதனையின்போது கொதிக்கும் கலவைக்குள் வெப்பமானி உடைந்து, பாதரசம் கொட்டிவிட்டது. வீணாயிற்று என்று எண்ணிய கலவையில் வினை விரைந்து நடந்தது. பாதரசம் வினையூக்கியாகச் செயற்பட்டது என்று வேதியியல் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. (பள்ளி ஆய்வகத்தில் வெப்பமானியை உடைப்பவர்கள் இதனைச் சான்றாகக் காட்ட வேண்டா.)

தாலிக் அன்ஹைட்ரைடிலிருந்து ஆந்த்ரனிலிக் அமிலம். அதிலிருந்து வேறு சில படிகள். கடைசியில் கிடைப்பது எது? இண்டாக்சில். திண்டிவனத்துத் தொட்டியில் ஓரிரவில் உண்டாகும் அதே மூலக்கூறு. அதன்மேல் காற்றைச் செலுத்தினால் நீலம். ஆக, தொடக்கம் வேறு, பாதை வேறு, கடைசிப் படியில் இரண்டு பாதைகளும் ஒன்றாகின்றன. செடியின் வழியை அறியாத வேதியியலார் இறுதியில் செடி நிற்கும் இடத்துக்கே வந்து சேர்ந்தனர்.

இதன் விளைவு நம் நாட்டு வயல்களில் தெரிந்தது. 1897ஆம் ஆண்டு உலகில் சுமார் 19,000 டன் இயற்கை நீலம் உற்பத்தியாயிற்று. 1914இல் அது சுமார் 1,000 டன்னாகச் சுருங்கியது. பீகாரில் தோட்ட முதலாளிகள் தம் இழப்பை உழவர்களின் தலையில் சுமத்தினர். 1917இல் காந்தியடிகள் சம்பாரணுக்குச் சென்றதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவ்வரலாற்றின் பின்னணியில் ஆந்த்ரனிலிக் அமிலம் என்னும் ஓர் இடைநிலைப்பொருளும் நிற்கிறது என்பதை அப்பாடம் சொல்வதில்லை.

ஆய்வகத்தில் ‘இடைநிலை’ என்றால், பெரும்பாலும் நொடிப்பொழுது தோன்றி மறையும் பொருளைக் குறிக்கும். தொழில்துறையில் அச்சொல்லின் பொருள் சற்று விரிந்தது. பெங்களூருக் கடைகளில் உறையில் அடைத்து விற்கும் இட்லி மாவை நினைத்துப் பாருங்கள். மாவு ஆலைக்கு அது முடிபொருள். வாங்கிச் செல்லும் உங்கள் அன்னைக்கு அது அரிசிக்கும் இட்லிக்கும் நடுவில் உள்ள பொருள். வேதி ஆலைகளிலும் அப்படியே. ஓர் ஆலை பாரா அமினோ பினால் என்னும் பொருளைச் செய்து பீப்பாய்களில் விற்கும். மற்றோர் ஆலை அதனை வாங்கி, காய்ச்சலுக்கு நாம் உண்ணும் பாராசிட்டமால் ஆக்கும். இத்தகைய மருந்து இடைநிலைப்பொருள்கள் பலவற்றுக்கு இந்தியா சீனாவை நம்பியிருந்தது. எனவே அவற்றை உள்நாட்டிலேயே செய்வோர்க்கு ஊக்கத்தொகை வழங்க 2020ஆம் ஆண்டு நடுவண் அரசு 6,940 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் கடைசியில் மாத்திரை இராது.

உயிருக்குள்

ஆந்த்ரனிலிக் அமிலத்தை ஆலையின் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். அவுரி முதல் அரசமரம் வரை எல்லாச் செடி கொடிகளும், பாக்டீரியாக்களுள் மிகப் பலவும் அதனைத் தமக்குள் செய்கின்றன. அவற்றுக்கு வேண்டியது நீலச்சாயம் அன்று. டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலம். புரதம் கட்டுவதற்குத் தேவையான இருபது அமினோ அமிலங்களுள் அதுவும் ஒன்று. நம் உடலால் அதனைச் செய்ய இயலாது. பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் இருந்துதான் பெறுகிறோம். செடியோ ஆந்த்ரனிலிக் அமிலத்தில் தொடங்கிப் படிப்படியாக இண்டோல் என்னும் பொருளுக்கு வந்து, இண்டோலை டிரிப்டோபன் ஆக்குகிறது.

கடைசி இரு படிகளில் உயிர் காட்டும் கவனம் வியப்புக்கு உரியது. பாக்டீரியாவில் இவ்விரு படிகளையும் செய்வது ஒரே நொதி. அந்நொதியில் இரண்டு பணியிடங்கள் உள்ளன. முதல் பணியிடத்தில் இண்டோல் உண்டாகிறது. இரண்டாவதில் அது டிரிப்டோபன் ஆகிறது. இரண்டுக்கும் நடுவில் நொதியின் உடலுக்குள்ளேயே ஒரு சுரங்கப்பாதை இருப்பதை 1988இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்பாதையின் நீளம், ஒரு மில்லிமீட்டரை நான்கு இலட்சம் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு. உண்டான இண்டோல் வெளியே தலைகாட்டுவதே இல்லை. சுரங்கத்தின் வழியாக நேரே அடுத்த பணியிடத்துக்குச் செல்கிறது. செய்தவுடன் கைமாற்று, தேக்கி வைக்காதே. உயிரணு இடைநிலைப்பொருள்களைப் பெரும்பாலும் இவ்வாறே நடத்துகிறது. எந்த நேரத்திலும் அவற்றின் இருப்பு மிகக் குறைவு.

தேக்கித்தான் ஆக வேண்டும் என்றால் பூட்டி வைக்கிறது. அவுரிச் செடி இண்டாக்சிலை அப்படியே இலையில் வைத்திருப்பதில்லை. ஒரு சர்க்கரை மூலக்கூற்றுடன் பிணைத்து இண்டிக்கனாக வைத்திருக்கிறது. முன்னர்க் கண்ட இண்டிக்கன் அவ்வாறு பூட்டப்பட்ட இண்டாக்சிலே. இலை ஊறும்போது நொதி செய்வது அப்பூட்டைத் திறப்பதுதான்.

(இண்டோலும், ஆந்த்ரனிலிக் அமிலத்தின் உறவாகிய மெத்தில் ஆந்த்ரனிலேட்டும் மல்லிகை மணத்தில் கலந்துள்ளன. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோவிலுக்குச் செல்லும்போது பூச்சரத்தை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். அக்கோவிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகள் தனியே படிக்கத் தக்கவை.)

இண்டாக்சில் நம் உடலுக்குள்ளும் உண்டு என்றால் நம்புவீர்களா? நாம் உண்ட டிரிப்டோபனில் ஒரு பகுதியைப் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் இண்டோலாகச் சிதைக்கின்றன. அது இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைகிறது. கல்லீரல் அதனை இண்டாக்சிலாக மாற்றி, உடனே சல்பேட்டுடன் பிணைத்துப் பூட்டுகிறது. செடி சர்க்கரையால் பூட்டியது. கல்லீரல் சல்பேட்டால் பூட்டுகிறது. பூட்டிய பொருளைச் சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன. சிறுநீரகம் பழுதுற்றவர்களின் இரத்தத்தில் இப்பொருள் தேங்கித் தீங்கு செய்கிறது. டயாலிசிஸ் எந்திரத்தாலும் அதனை எளிதில் நீக்க இயலுவதில்லை. ஏனெனில் அது இரத்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு நிற்கிறது.

வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைப் பற்றியும் ஒரு சொல். கல்லீரல் அதனைச் சிதைக்கும்போது நச்சுத்தன்மை வாய்ந்த ஓர் இடைநிலைப்பொருள் சிறிதளவு தோன்றுகிறது. மருத்துவர் சொன்ன அளவில் உண்டால், கல்லீரலில் இருக்கும் குளூட்டாத்தியோன் என்னும் பொருள் அதனை அக்கணமே பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும். அளவு மிகுந்தால் குளூட்டாத்தியோன் தீர்ந்துபோகும், இடைநிலைப்பொருள் தேங்கும், கல்லீரல் சிதையும். தலைவலி தீரவில்லை என்று தாமாகவே ஒன்றன்மேல் ஒன்றாக விழுங்கக் கூடாது என்று பெரியோர் தடுப்பது இதனால்தான்.

போபால்

இடைநிலைப்பொருளைத் தேக்கி வைத்ததால் நேர்ந்த பெருந்துயரம் நம் நாட்டில்தான் நிகழ்ந்தது.

மத்தியப் பிரதேசத் தலைநகர் போபாலில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் பூச்சிக்கொல்லி ஆலை இருந்தது. அங்கே செய்த மருந்தின் பெயர் கார்பரில். செவின் என்னும் வணிகப் பெயரில் விற்றனர். அதனைச் செய்யும் வழி இது: மெத்தில் அமீனையும் பாஸ்ஜீனையும் சேர்த்தால் மெத்தில் ஐசோசயனேட் கிடைக்கும், அதனுடன் நாப்தாலைச் சேர்த்தால் கார்பரில் கிடைக்கும். மெத்தில் ஐசோசயனேட் யாருக்கும் விற்பதற்கு உரிய பொருள் அன்று. நடுவில் தோன்றும் பொருள் மட்டுமே. கொடிய நஞ்சு. சுமார் 39 பாகை செல்சியசில் கொதிக்கும். சித்திரை வெயிலின் சூடே அதனை ஆவியாக்கப் போதுமானது. தண்ணீர் பட்டால் கடுஞ்சூட்டை வெளியிட்டு வினைபுரியும். எனவே உறைநிலையை ஒட்டிய குளிரில் வைத்திருக்க வேண்டும்.

அத்தகைய பொருளை உண்டானவுடன் பயன்படுத்திவிடாமல், பெருந்தொட்டிகளில் டன் கணக்கில் சேமித்து வைத்திருந்தனர். 1984ஆம் ஆண்டு திசம்பர் 2ஆம் நாள் இரவு, 610ஆம் எண் தொட்டியில் சுமார் 42 டன் இருந்தது. அத்தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. குளிரூட்டும் கருவி சில மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்தழிக்க வேண்டிய கோபுரமும் இயங்கும் நிலையில் இல்லை. நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் வாயு பீறிட்டு வெளியேறியது. காற்றைவிடக் கனமானதாகையால் அது தரையை ஒட்டிப் பரவியது. ஆலையைச் சுற்றி இருந்த குடிசைப் பகுதிகளில் உறங்கியவர்களையே முதலில் அடைந்தது. மாநில அரசு உறுதிசெய்த கணக்கின்படி இறந்தோர் 3,787 பேர். உண்மையில் இறந்தோர் இதனினும் பல மடங்கு என்று அங்கு உழைத்தவர்கள் கூறுகின்றனர். பாதிக்கப்பட்டோர் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

இந்த இடைநிலைப்பொருள் இல்லாமலேயே கார்பரிலைச் செய்ய முடியும். நாப்தாலுடன் முதலில் பாஸ்ஜீனைச் சேர்த்து, பின்னர் மெத்தில் அமீனைச் சேர்த்தால் போதும். சேரும் பொருள்கள் அவையே. வரிசை மட்டும் வேறு. மெத்தில் ஐசோசயனேட் தோன்றவே தோன்றாது. இவ்வழியிலும் பாஸ்ஜீன் என்னும் நஞ்சு உண்டு என்பது உண்மை. ஆயினும் இத்துணைப் பெரிய இருப்புக்கு இடம் இராது. இவ்வழி முன்பே அறியப்பட்டிருந்தது. மெத்தில் ஐசோசயனேட் வேண்டும் என்றாலும், தேவையான அளவு மட்டும் உண்டாக்கி, உண்டான கணமே அடுத்த கலனுக்குச் செலுத்தும் ஆலைகளைப் பிற்காலத்தில் கட்டினர். நொதியின் சுரங்கப்பாதை நினைவுக்கு வருகிறதா? ஆபத்தான பொருளைப் பாதுகாப்பாகச் சேமிப்பது எப்படி என்று கேட்பதற்கு முன், அதனைச் சேமிக்கத்தான் வேண்டுமா என்று கேளுங்கள் என டிரெவர் கிளெட்ஸ் என்னும் பிரித்தானியப் பொறியாளர் 1970களிலேயே தம் துறையினரிடம் வலியுறுத்தி வந்தார். போபாலுக்குப் பிறகே அவ்வினாவுக்கு உலகம் செவிகொடுத்தது. நம் நாட்டில் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1989இல் தீங்கான வேதிப்பொருள்களை உற்பத்தி செய்தல், சேமித்தல் குறித்த விதிகளும் வந்தன.

போபாலைப் பற்றிப் பேசும்போது, பூச்சிக்கொல்லி கசிந்தது என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கசிந்தது பூச்சிக்கொல்லி அன்று. பூச்சிக்கொல்லி ஆவதற்கு முன் நடுவில் நிறுத்தி வைக்கப்பட்ட பொருள். இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும்.

சில துளி இரத்தம்

ஆலையில் தேங்குவது மனிதர் செய்த முடிவால். உடலில் சில சமயம் பிறப்பிலேயே தேக்கம் நேர்கிறது. லியூசின், ஐசோலியூசின், வாலின் என்னும் மூன்று அமினோ அமிலங்களைச் சிதைக்கும் பாதையில், இரண்டாம் படிக்கு உரிய நொதி சில குழந்தைகளுக்கு இயங்குவதில்லை. முதற்படி நடக்கிறது, இடைநிலைப்பொருள் உண்டாகிறது, மேலே செல்ல வழியில்லை. அது இரத்தத்தில் ஏறுகிறது. குழந்தையின் சிறுநீரில் கருகிய சர்க்கரையின் மணம் வீசும். பிறந்து சில நாள்களிலேயே பால் குடிப்பது குறைந்து, சோர்ந்து, மூளை பாதிப்புறும். உரிய காலத்தில் கண்டறிந்து, அந்த மூன்று அமினோ அமிலங்களும் குறைந்த உணவைக் கொடுத்தால் குழந்தையைக் காப்பாற்ற முடியும். நாள்கள் கடந்துவிட்டால் கடினம்.

இத்தகைய நோய்களைத் தேடும் பணி நம் பெங்களூரில் முன்னதாகவே தொடங்கியது. 1980களில் இந்திய அறிவியல் கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வாளர்கள், மருத்துவர்களுடன் சேர்ந்து, கர்நாடகத்தில் பிறந்த ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தனர். இச்சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் குழந்தையின் அருகில் வேண்டியதில்லை. குதிகாலில் மெல்லக் குத்திச் சில துளி இரத்தத்தைத் தடித்த வடிதாளில் ஒற்றி எடுத்து, உலர்த்தி, ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாம். இன்று நகரின் மருத்துவமனைகள் பலவற்றில் பிறந்த குழந்தைக்கு இச்சோதனையைச் செய்கின்றனர். உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ பிறந்திருந்தால், மருத்துவமனை கொடுத்த தாள்களை அன்னையிடம் கேட்டுப் பாருங்கள். அவற்றுள் குதிகால் இரத்தச் சோதனையின் முடிவும் இருக்கலாம்.

சொற்பொருள்

நொதி – உயிர்களில் வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம்
வினையூக்கி – தான் செலவாகாமல் வினையை விரைவுபடுத்தும் பொருள்
முடிபொருள் – வினையின் இறுதியில் கிடைக்கும் பொருள்
வண்டல் – நீரின் அடியில் படியும் நுண்பொருள்
தாழி – வாயகன்ற பெரிய மட்கலம்
கண்ணி – சங்கிலியின் ஒரு வளையம்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக: நிறமற்ற, நுண்துகள், கண்ணெதிரே.

ஆ. திண்டிவனத்துத் தொட்டியும் லுட்விக்ஸ்ஹாஃபன் ஆலையும் எந்தப் படியில் ஒன்றுபடுகின்றன? இரண்டு மூன்று தொடர்களில் எழுதுக.

இ. அவுரிச் செடியும் கல்லீரலும் இண்டாக்சிலை எவ்வாறு பூட்டுகின்றன?

ஈ. போபால் தொட்டியில் இருந்த பொருளுக்கும் நொதியின் சுரங்கத்தில் செல்லும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை உம் சொற்களில் விளக்குக.

உ. உங்கள் வீட்டுச் சமையலறையில் இடைநிலைப்பொருளாக இருந்து மறையும் ஒன்றைக் கண்டறிந்து, பாட்டி அல்லது தாத்தாவிடம் அதன் ஊர்ப்பெயரைக் கேட்டு எழுதி வருக.